வளைந்துபோகும் பார்பெல் ராடு: காரணம் எடையா, கையாளும் முறையா?

தூத்துக்குடி வாசகர்:

வணக்கம். தூத்துக்குடியில் கடற்கரைக்கு அருகே சிறிய உடற்பயிற்சிக் கூடம் ஒன்றை நடத்திவருகிறேன். எங்களிடம் லேத் பட்டறையில் செய்து வாங்கிய பார்பெல் ராடுகள் (இரு முனைகளிலும் பிளேட்டுகளை, அதாவது எடைத் தட்டுகளை, மாட்டித் தூக்கும் கம்பிகள்) இரண்டும், கடையில் வாங்கிய ராடு ஒன்றும் உள்ளன. மூன்றும் 28 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. பட்டறை ராடுகள் இரண்டும் இப்போது நடுவில் வளைந்துவிட்டன. ரேக்கில் (ராடைத் தாங்கும் சட்டத்தில்) வைத்து உருட்டினால் நடுப்பகுதி ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரிகிறது. எங்கள் கூடத்தில் 140 கிலோவுக்கு மேல் தூக்குபவர் யாரும் இல்லை என்பதால், எடை அதிகமாகி வளைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

இரவில் பிளேட்டுகளைக் கழற்றாமல் ரேக்கிலேயே விட்டுவிடுவதுதான் காரணம் என்று மூத்த உறுப்பினர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். ஸ்குவாட் (தோளில் ராடோடு உட்கார்ந்து எழுதல்) செய்து களைத்தவர்கள் ராடைச் சேஃப்டி கம்பிகளின் (தூக்க முடியாமல் போனால் ராடைத் தாங்க ரேக்கில் பொருத்தும் கம்பிகள்) மேல் இறக்கிப் போடுவதும், சில வேளைகளில் பெஞ்சின் குறுக்கே போடுவதும் உண்டு. உண்மையான காரணம் எது? புதிய ராடு செய்யச் சொல்லும்போது பட்டறையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? கடற்காற்றால் ஏறும் துருவை எப்படிக் கட்டுப்படுத்துவது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கோவைப் பட்டறை:

ஐயா, இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இரவு முழுவதும் எடையோடு ரேக்கில் கிடந்ததால் உங்கள் ராடு வளையவில்லை. எஃகுக்கு மீள்தன்மை எல்லை என்று ஒன்று உண்டு. அந்த எல்லைக்குள் இருக்கும் சுமையை ஒரு நிமிடம் தாங்கினாலும் ஒரு மாதம் தாங்கினாலும், சுமையை எடுத்ததும் எஃகு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்லையைத் தாண்டினால் ஒரே கணத்தில் நிரந்தரமாக வளைந்துவிடும்.

28 மில்லிமீட்டர் ராடில், ராடின் எடையையும் சேர்த்து 140 கிலோ இருக்கும்போது, ஏறக்குறைய 1.1 மீட்டர் இடைவெளியுள்ள ரேக்கில் அது சும்மா கிடந்தால் நடுத்தண்டில் ஏற்படும் தகைவு (எஃகின் ஒரு பரப்பளவில் உள்ளே எழும் விசை; மெகாபாஸ்கல் அதன் அலகு) சுமார் 55 மெகாபாஸ்கல்தான். அதே ராடைக் கையில் பிடித்து டெட்லிஃப்ட் (தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்குதல்) செய்யும்போது கைகள் நடுவை நோக்கி நெருங்கிவிடுவதால் 140 மெகாபாஸ்கல் வரை ஏறும். பட்டறைகளில் வழக்கமாகக் கிடைக்கும் இ.என்.8 என்ற நடுத்தரக் கார்பன் எஃகு, வெப்பப் பதப்படுத்தல் இல்லாத நிலையிலேயே சுமார் 280 மெகாபாஸ்கல் வரை வளையாமல் தாங்கும். ஆகவே தூக்குவதாலும் ரேக்கில் வைப்பதாலும் அந்த ராடு கெட்டிருக்க வாய்ப்பில்லை.

விழும்போது கணக்கே மாறிவிடுகிறது. அதே 140 கிலோ, வெறும் பத்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இரும்புச் சேஃப்டி கம்பிகளின் மேல் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் சிறிதும் நெகிழாதவை என்று கொண்டு கணக்கிட்டால், தகைவு அசையாமல் கிடந்தபோது இருந்ததைப் போலப் பத்து மடங்காகி 550 மெகாபாஸ்கலை எட்டுகிறது. ராடு கம்பியில் பட்டு நின்றுவிட்டாலும், இரு முனைகளிலும் உள்ள பிளேட்டுகள் கீழ்நோக்கிய வேகத்தோடுதான் இருக்கின்றன. அவற்றை நிறுத்தும் வேலை முழுவதும் நடுத்தண்டின் மேல் விழுகிறது. பெஞ்சின் குறுக்கே போடுவது இதைவிட மோசமானது. தாங்கும் இடம் ஒரு சாண் அளவுக்குக் குறுகிவிடுவதால், அங்கு சும்மா கிடந்தாலே 170 மெகாபாஸ்கல். பத்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 850. மெத்தை அதிர்ச்சியில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும் என்றாலும், இ.என்.8 ராடு அந்த அடிக்குத் தப்புவது கடினம்.

புதிதாகச் செய்வதானால் இ.என்.24 என்ற உயர்வலிமைக் கலப்பு எஃகை, கடினப்படுத்திப் பதம் செய்த நிலையில் கேட்டு வாங்குங்கள். அது 650 மெகாபாஸ்கல் அளவுக்கு நிரந்தர வளைவின்றித் தாங்கும். எஃகு விற்பவரிடமிருந்து சோதனைச் சான்றிதழையும் கேட்டுப் பெறுங்கள். கண்ணால் பார்த்து இரண்டு எஃகுகளையும் பிரித்தறிய முடியாது. எடை தூக்கும்போது எவ்வளவு நெகிழ்கிறது என்பதை வைத்தும் அறிய முடியாது. எஃகின் மீள்மை எண் (நெகிழ்வை எதிர்க்கும் விறைப்பின் அளவு) எல்லா வகைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், மட்டமான ராடும் உயர்ந்த ராடும் ஒரே தடிமனில் ஒரே அளவுதான் நெகிழும். நெகிழ்ந்தபின் திரும்பி வருகிறதா என்பதில்தான் தரம் இருக்கிறது. நெகிழ்வைக் குறைக்க வேண்டுமானால் தடிமனைத்தான் கூட்ட வேண்டும். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் உயர்வதால், 28 மில்லிமீட்டருக்குப் பதில் 29 மில்லிமீட்டர் வைத்தாலே 15 விழுக்காடு விறைப்பு கூடிவிடும். பவர்லிஃப்டிங் ராடுகள் 29 மில்லிமீட்டரில் வருவதற்கு இதுவே காரணம்.

வேலூர்ப் பயிற்றுநர்:

மேலே சொன்ன விளக்கம் முற்றிலும் சரி. பளுதூக்குதல் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ராடு நெகிழ்வதைக் குறையாகக் கருத வேண்டாம். எங்கள் ஊர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது ஸ்னாட்சில் (ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்குதல்) 149 கிலோவும், கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் என இரு கட்டமாகத் தூக்குதல்) 179 கிலோவும் தூக்கினார். அந்த அளவு எடையில் ஜெர்க்குக்காக முழங்காலை மடக்கி எழும்போது ராடின் முனைகள் தாழ்ந்து மீள்வதைப் பயிற்சி பெற்ற வீரர் உணர்ந்து, மீளும் நேரத்தோடு தன் உந்துதலைப் பொருத்திக்கொள்வார். போட்டி ராடுகள் ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 25 மில்லிமீட்டர் தடிமனில் அமைகின்றன.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 25 மில்லிமீட்டர் ராடின் வளைவு தாங்கும் திறன், அதே எஃகில் செய்த 28 மில்லிமீட்டர் ராடைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவு. கையில் கிடைத்தது என்பதற்காக 15 கிலோ பெண்கள் ராடை ரேக்கில் போட்டுக் கனமான ஸ்குவாட் செய்யும் வழக்கத்தைப் பல கூடங்களில் பார்க்கிறேன். இதை உறுதியாகத் தடுக்க வேண்டும்.

தலைக்கு மேலிருந்து ராடைப் போடும் பயிற்சி எங்களுடையது. ஆயினும் எங்கள் ராடுகள் ஆண்டுக்கணக்கில் நேராகவே இருக்கின்றன. காரணம், ரப்பர் பம்பர் பிளேட்டுகள் தரையில் பட்டதும் தங்கள் வேகத்தைத் தாங்களே இழந்துவிடுகின்றன. நடுத்தண்டு தன் சொந்த எடையை மட்டும் நிறுத்தினால் போதும். ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரேயொரு மெல்லிய பம்பரை மாட்டி, அதற்கு வெளியே சிறு விட்டமுள்ள இரும்பு பிளேட்டுகளை அடுக்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். இரும்பு பிளேட்டுகள் தரையைத் தொடுவதே இல்லை. அவற்றின் வேகம் முழுவதும் ராடின் முனையைக் கீழே இழுக்கிறது. காலர் (பிளேட் நகராமல் பிடிக்கும் பூட்டு) இறுக்காமல் போடுவதும் கேடுதான். பிளேட்டுகள் வெளியே நகர்ந்துவிட்டால் ஒரு பக்கம் முதலில் மோதி அடி முழுவதையும் வாங்கிக்கொள்ளும்.

உங்கள் கூடத்தில் இரும்பு பிளேட்டுகள் மட்டும்தான் என்றால், மேலிருந்து போடும் பயிற்சிகளை அனுமதிக்காதீர்கள். சேஃப்டி கம்பிகளை ஸ்குவாட்டின் கடைசி நிலைக்குச் சற்றே கீழே இருக்குமாறு ஆளுக்கு ஆள் மாற்றி வைக்கப் பழக்குங்கள். இடைவெளி இரண்டு மூன்று விரல் அளவாக இருந்தால், களைத்தவர் ராடை அதன்மேல் அமர்த்திவிட்டு வெளியே வரலாம்; விழுவதற்கு உயரமே இருக்காது. கம்பிக்குப் பதிலாகத் துணிப்பட்டை பொருத்திய ரேக்குகள் இப்போது கிடைக்கின்றன. பட்டை நெகிழ்வதால் அதிர்ச்சி வெகுவாகக் குறைகிறது.

துரு பற்றி ஒரு பதில்:

நானும் கடலோர ஊரில்தான் கூடம் நடத்துகிறேன். உப்பளக் காற்றோடு வியர்வையின் உப்பும் சேர்வதால், நம் பக்கத்தில் ராடைத் துடைக்காமல் விட்டால் நர்லிங் (பிடிக்காக ராடில் செதுக்கிய சொரசொரப்பு) பள்ளங்களில்தான் முதலில் துரு தொடங்கும். கையில் பூசும் மக்னீசியம் கார்பனேட் மாவு அந்தப் பள்ளங்களில் தங்கி ஈரத்தைப் பிடித்துவைப்பதும் ஒரு காரணம். ஒவ்வொரு நாளும் கூடத்தை மூடும் முன் நைலான் பிரஷால் மாவைத் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுவது எல்லாவற்றையும்விட முக்கியம். வாரம் ஒரு முறை தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசி, சிறிது நேரம் கழித்து வேறு துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப்படலம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருந்தால் பிடி வழுக்கும். சமையல் எண்ணெய்கள் வேண்டாம். அவை நாளடைவில் பிசுபிசுத்து மாவோடு சேர்ந்து இறுகிவிடும். துத்தநாகப் பூச்சுள்ள ராடில் எஃகுக் கம்பி பிரஷைப் பயன்படுத்தினால் பூச்சே உரிந்துவிடும்.

முனையிலுள்ள ஸ்லீவ் (பிளேட்டுகளை மாட்டும் சுழலும் குழல்) தடையின்றிச் சுழல்வதும் ராடின் நலனைச் சேர்ந்ததே. உள்ளே வெண்கல புஷ் (உராய்வைக் குறைக்கும் வளையம்) இருந்தால் மூட்டில் ஓரிரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். கெட்டியான கிரீஸ் தூசியைப் பிடித்துச் சுழற்சியை மந்தமாக்கிவிடும். ராடைச் சுவரில் சாய்த்து வைக்காமல் கிடைநிலைத் தாங்கியில் வைப்பதே எங்கள் வழக்கம்.

தூத்துக்குடி வாசகர்:

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. சேஃப்டி கம்பிகள் எங்கள் ரேக்கில் ஒரே துளையில்தான் நிரந்தரமாக இருந்தன. இன்றே ஆளுக்கேற்ப மாற்றும் ஏற்பாட்டைச் செய்கிறேன். ஒரு கேள்வி மீதமிருக்கிறது. வளைந்த இரண்டு ராடுகளையும் பிரஸ்ஸில் கொடுத்து நிமிர்த்திப் பயன்படுத்தலாமா?

கோவைப் பட்டறை:

ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நிமிர்த்த முடியும். பார்வைக்கு நேராகவும் வந்துவிடும். ஆனால் ஒருமுறை எல்லை தாண்டி வளைந்த எஃகை எதிர்த்திசையில் வளைத்து நேராக்கும்போது உள்ளே எச்சத் தகைவுகள் தங்கிவிடுகின்றன. அடுத்த முறை முன்பைவிடக் குறைந்த அடியிலேயே அதே இடத்தில் வளையக்கூடும். நர்லிங் பள்ளங்களும் பிரஸ் தாங்கிகளுக்கு அடியில் நசுங்கும். தலைக்கு மேல் தூக்கும் பயிற்சிகளுக்கும் பெஞ்ச் பிரஸ்ஸுக்கும் நிமிர்த்திய ராடைக் கொடுக்கவே வேண்டாம். நிமிர்த்தாத ராடை அவற்றுக்குப் பயன்படுத்துவது இன்னும் ஆபத்தானது; வளைந்த ராடு கைக்குள்ளேயே திரும்பி மணிக்கட்டை முறுக்கிவிடும். குனிந்து இழுக்கும் ரோயிங் போன்ற குறைந்த எடைப் பயிற்சிகளுக்கு மட்டும், முனையில் சிவப்பு வண்ணம் அடித்து ஒதுக்கி வையுங்கள். புதிய ராடு வந்த அன்றே, காலியாக ரேக்கில் வைத்து உருட்டி நடுப்பகுதியின் ஏற்ற இறக்கத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதே அளவோடு ஒப்பிட்டால், வளைவு கண்ணுக்குத் தெரியும் முன்பே பிடிபட்டுவிடும்.