ஹிப்பிகளைக் கண்டவர்கள்: ஒரு மாணவியின் ஆய்வுக்காக எழுதப்பட்ட அனுபவங்கள்

மாணவி

வணக்கம். நான் பதினோராம் வகுப்பில் படிக்கிறேன். வரலாற்றுப் பாடச் செயல்திட்டத்துக்காக, 1960-களில் அமெரிக்காவில், பெற்றோர் வகுத்த வழக்கமான வாழ்க்கையை விட்டு விலகிய இளைஞர்களிடையே எழுந்த ஹிப்பி இயக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். 1967 ஜனவரி 14 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் 20,000-க்கும் மேற்பட்டோர் கூடியது, அவ்வாண்டுக் கோடையில் ஏறத்தாழ ஒரு லட்சம் இளைஞர்கள் அந்நகரின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதிக்கு வந்து சேர்ந்தது, 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசைவிழாவுக்கு நான்கு லட்சம் பேர் திரண்டது ஆகியவற்றைப் படித்துவிட்டேன். ஆனால் நீண்ட முடி, பூமாலை, கிதார், போதைப்பொருள் என்று எங்கே தேடினாலும் ஒரே காட்சிதான் கிடைக்கிறது. அவர்கள் பகல் முழுவதும் என்ன செய்தார்கள், யார் சமைத்தார்கள், நோயுற்றபோது எங்கே போனார்கள் என்பதை அறிய விரும்புகிறேன். அவர்களை நேரில் கண்டவர்களும், அவர்களோடு பயணம் செய்தவர்களும், பணியாற்றியவர்களும் கண்டதைக் கண்டபடி எழுதித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

லண்டனிலிருந்து தரைவழியாகத் திரும்பிய ஒருவர்

அன்புள்ள பிள்ளைக்கு,

நான் இலங்கையைச் சேர்ந்தவன். லண்டனில் படிப்பை முடித்துக்கொண்டு 1974-இல் தரைவழியாகவே நாடு திரும்பினேன். விமானக் கட்டணம் என் கைக்கு எட்டவில்லை. பேருந்துக் கட்டணம் அதில் சிறு பங்குதான். என்னோடு வந்தவர்களில் பெரும்பாலோர் காத்மாண்டுவையோ கோவாவையோ நோக்கிப் புறப்பட்ட ஐரோப்பிய, ஆஸ்திரேலிய இளைஞர்கள். அவர்கள் எல்லோரும் தங்களை ஹிப்பிகள் என்று சொல்லிக்கொள்ளவில்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியப் பணியிலிருந்து ஓராண்டு விடுப்பில் வந்தவர்களும் இருந்தார்கள், வீட்டுக்கு ஒரு கடிதம்கூட எழுதாமல் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களும் இருந்தார்கள்.

இஸ்தான்புல்லில் சுல்தான் அகமது பள்ளிவாசலுக்கு அருகே 'புட்டிங் ஷாப்' என்று எல்லோரும் அழைத்த உணவகத்தின் அறிவிப்புப் பலகைதான் அன்றைய செய்தித் தொடர்பு. யாருடைய வண்டியில் இடம் இருக்கிறது, யார் யாரை எங்கே தேடுகிறார்கள், எந்த எல்லையில் கெடுபிடி அதிகம் என்பதெல்லாம் அங்கே துண்டுத் தாள்களில் ஒட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து தபிரீஸ், தெஹ்ரான், மஷ்ஹத் வழியாக ஹெராத்துக்கும், பின்பு காந்தகார், காபூல், கைபர் கணவாய் என்று பாகிஸ்தானுக்கும் போனோம். ஹெராத்திலிருந்து காந்தகார் வரையிலான கான்கிரீட் சாலையை சோவியத் ஒன்றியம் போட்டுக்கொடுத்திருந்தது. காந்தகாரிலிருந்து காபூல் செல்லும் தார்ச்சாலை அமெரிக்கப் பணத்தில் உருவானது. இரண்டு வல்லரசுகள் தங்கள் போட்டிக்காக அமைத்த சாலையில், அந்தப் போட்டியே வேண்டாம் என்று வீட்டைவிட்டு வெளியேறிய பிள்ளைகள் பயணம் செய்தார்கள். உங்கள் ஆய்வில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கலாம்.

நான் கண்ட நன்மையையும் தீமையையும் மறைக்காமல் சொல்கிறேன். கையில் இருப்பதைப் பகிர்ந்து உண்பதில் அவர்களுக்கு நிகரில்லை. நிறம் பார்க்காமல் என்னைத் தங்களில் ஒருவனாக நடத்தினார்கள். அக்காலத்து லண்டனில் அந்த மரியாதை எனக்கு எல்லா நேரமும் கிடைத்துவிடவில்லை. ஆனால் அவர்கள் 'விடுதலை' என்று கொண்டாடிய அந்த வாழ்க்கையின் செலவை, வழியிலிருந்த ஏழை நாடுகளின் மக்களே பெரும்பாலும் சுமந்தார்கள். காபூலில் நாங்கள் தங்கிய விடுதியில் ஓர் இளைஞனுக்கு மஞ்சள்காமாலை கண்டு எழுந்திருக்கவே முடியாமல் போயிற்று. அவனோடு வந்தவர்கள் ஊர்தி கிடைத்ததும் கிளம்பிவிட்டார்கள். அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்ததும், மருத்துவரை அழைத்துவந்ததும், படுக்கை விரிப்பைத் துவைத்ததும் விடுதிக்காரரும் அவருடைய சிறு வயது மகனும்தான். இயக்கத்தைப் பற்றி எழுதுபவர்கள் அந்த விடுதிக்காரரைப் போன்றவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள், பிள்ளை.

1979-இல் ஈரானில் புரட்சி வெற்றி பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அத்தோடு அந்தப் பாதை மூடப்பட்டது.

சான் பிரான்சிஸ்கோவில் பணியாற்றிய ஆய்வகப் பணியாளர் ஒருவர்

நோயுற்றபோது எங்கே போனார்கள் என்ற உங்கள் கேள்வியைப் படித்ததும், இதை எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன். 1980-களில் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை செய்தேன். அங்கே மூத்த செவிலியர்கள் சிலர், இளமையில் ஹெய்ட்-ஆஷ்பரி இலவச மருத்துவமனையில் ஊதியமின்றிப் பணியாற்றியவர்கள். அந்த மருத்துவமனையை 1967 ஜூன் 7 அன்று கிளேட்டன் தெருவில் ஒரு பழைய வீட்டின் மாடியில் டேவிட் ஸ்மித் என்னும் இளம் மருத்துவர் திறந்தார். மருத்துவம் என்பது மனித உரிமை, சலுகை அன்று என்பதே அதன் கொள்கை. கையில் காசில்லாத, பதினாறு பதினேழு வயதில் வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகள் அங்கே வரிசையில் நின்றிருக்கிறார்கள். நெரிசலான வீடுகளில் தங்கியதால் வந்த தோல் நோய்கள், நுரையீரல் தொற்று, பால்வினை நோய்கள், போதைப்பொருளால் நிலைகுலைந்த மனங்கள் என்று எல்லாவற்றையும் அங்கே பார்த்திருக்கிறார்கள். காவல்துறையிடம் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் மற்ற மருத்துவமனைகளுக்குப் போகத் தயங்கியவர்கள், எந்தக் கேள்வியும் கேட்காமல் கவனித்த இந்த இடத்துக்கு வந்தார்கள். அந்த முன்மாதிரியைப் பின்பற்றி அமெரிக்காவின் பல நகரங்களில் இலவச மருத்துவமனைகள் தோன்றின. இயக்கத்தின் தலைசிறந்த சாதனை எது என்று என்னைக் கேட்டால், எந்த இசைவிழாவையும் சொல்லமாட்டேன்; இதைத்தான் சொல்வேன்.

யார் சமைத்தார்கள் என்பதற்கும் எனக்குத் தெரிந்த விடை உண்டு. 'டிக்கர்கள்' என்ற குழுவினர் 1966 இலையுதிர் காலத்திலிருந்து கோல்டன் கேட் பூங்காவை ஒட்டிய திடலில் நாள்தோறும் இலவச உணவு வழங்கினார்கள். 1649-இல் இங்கிலாந்தில் பொது நிலத்தைப் பயிரிட முனைந்த ஏழைகளின் பெயரையே இவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். எல்லாப் பொருளையும் விலையின்றி எடுத்துச் செல்லக்கூடிய கடையையும் நடத்தினார்கள். அறிக்கை எழுதியவர்கள், வீதி நாடகம் போட்டவர்கள் என்று புத்தகங்களில் வருகிற பெயர்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. விடியுமுன் மொத்தச் சந்தைக்குப் போய், விற்காத காய்கறிகளைக் கேட்டு வாங்கி, வண்டியில் ஏற்றிவந்து, பெரிய பாத்திரங்களில் வேகவைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவ்வாறு சமைத்த ஒரு பெண்மணியை நான் அறிவேன். உலகத்தையே மாற்றப் புறப்பட்டவர்கள் சமையலறையை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டதாகப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் கோபத்தோடு பேசினார். அதே மூச்சில், அந்தத் திடலில் பசியோடு வந்த எவரும் திருப்பி அனுப்பப்படவில்லை என்பதையும் பெருமையோடு சொன்னார். இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

இன்னொன்று. ஹெய்ட்-ஆஷ்பரியிலேயே வாழ்ந்தவர்கள் 1967 அக்டோபர் 6 அன்று 'ஹிப்பியின் மரணம்' என்று அறிவித்துச் சவப்பெட்டி ஒன்றைத் தெருவில் சுமந்து சென்றார்கள். பத்திரிகைகளும் வணிகர்களும் தங்கள் வாழ்க்கையை விற்பனைப் பொருளாக்கிவிட்டதை எதிர்த்தும், இனியும் இங்கே வராதீர்கள், உங்கள் ஊரிலேயே மாற்றத்தைத் தொடங்குங்கள் என்று நாடெங்கும் உள்ள இளைஞர்களுக்குச் சொல்லவும் நடத்திய ஊர்வலம் அது. வுட்ஸ்டாக் விழா அதற்கும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்தே நடந்தது என்பதைக் கால வரிசையில் கவனியுங்கள்.

சுவாமி சச்சிதானந்தரின் சொற்பொழிவைக் கேட்ட ஒருவர்

சுருக்கமாக ஒரு செய்தி. வுட்ஸ்டாக் விழாவின் முதல் நாளான 1969 ஆகஸ்ட் 15 அன்று மேடையில் அமர்ந்து அந்தப் பெருங்கூட்டத்தை அமைதிப்படுத்தி உரையாற்றிய காவி உடைத் துறவி, கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். சாலைகள் அடைபட்டுப் போனதால் அவரை ஹெலிகாப்டரில் அழைத்துவந்தார்கள். பிற்காலத்தில் அவருடைய சொற்பொழிவு ஒன்றைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவரைச் சுற்றி அமர்ந்திருந்த அமெரிக்கர்களில் பலர், போதைப்பொருளை விட்டு யோகத்துக்கு வந்தவர்கள். விடியற்காலையில் எழுவது, தாமே சமைத்த சைவ உணவை உண்பது, குறித்த நேரத்தில் தியானத்தில் அமர்வது என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட ஒழுங்கைக் கண்டு வியந்தேன். கட்டுப்பாடே வேண்டாம் என்று கிளம்பிய தலைமுறையின் ஒரு பகுதி, தானே விரும்பித் தேர்ந்த கட்டுப்பாட்டில் நிலைகொண்டது.

மாணவி

எல்லோருக்கும் நன்றி. ஒரு ஐயம். இவர்கள் ஏன் அந்த ஆண்டுகளில் இத்தனை பெருந்திரளாக வெளியேறினார்கள்? வசதியான வீட்டுப் பிள்ளைகளின் சலிப்பு என்று ஒரு நூல் முடித்துவிடுகிறது. எனக்கு அது போதவில்லை.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்

போதாது என்று உணர்ந்ததே நல்ல ஆய்வாளரின் இயல்பு, மகளே. போரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இந்த இயக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கை 1969-இல் 5,40,000-ஐத் தாண்டியது. 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அப்போரில் இறந்தார்கள். வியட்நாமியர் இலட்சக்கணக்கில் மாண்டார்கள். பதினெட்டு வயது நிரம்பிய ஆண் பிள்ளைகள் அன்று கட்டாயப் படைச் சேர்ப்புக்குப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஆனால் நாடு முழுவதற்குமான பொது வாக்குரிமை வயது 1971-இல்தான் பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. போருக்கு அனுப்பலாம், வாக்களிக்க விடமாட்டோம் என்று சொல்லும் அரசை எந்தப் பிள்ளை மதிக்கும்? பள்ளி, வேலை, திருமணம், வீடு என்று பெற்றோர் வகுத்த வழி முழுவதும் அந்தப் போரில்தான் முடிகிறது என்று அவர்களில் பலர் கருதினார்கள். 1967 அக்டோபர் 21 அன்று அமெரிக்கப் படைத் தலைமையகமான பென்டகன் முன்பு, காவல் நின்ற வீரர்களின் துப்பாக்கி முனையில் பூவைச் செருகியவர்களின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வீரர்களும் அதே வயதுப் பிள்ளைகள்தாம்.

எனினும் போரை எதிர்த்தவர்கள் எல்லோரும் ஹிப்பிகள் அல்லர். கல்லூரிகளில் அமைப்பு கட்டி, ஊர்வலம் நடத்தி, சிறை சென்ற அரசியல் செயல்பாட்டாளர்கள் பலருக்கு ஹிப்பிகள் மீது கடும் அதிருப்தி இருந்தது. உலகத்தை மாற்றாமல் அதிலிருந்து விலகி ஓடுகிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் இவ்விரண்டுக்கும் முன்பே தொடங்கி, மிகப் பெரிய விலை கொடுத்து நடந்துகொண்டிருந்தது. இம்மூன்றையும் ஒரே பெயரால் அழைத்துவிடாதீர்கள். ஒன்றோடொன்று எங்கே தொட்டுக்கொண்டன, எங்கே விலகின என்று காட்டினாலே உங்கள் ஆய்வு தரமானதாகிவிடும்.

மதுரையில் கண் மருத்துவ முகாம்களில் பணியாற்றிய ஒருவர்

அவர்களோடு பணியாற்றியவர்களும் எழுதித் தருமாறு கேட்டிருந்தீர்கள். அந்த வாய்ப்பு எனக்கு மதுரையில் கிடைத்தது.

'ஹாக் ஃபார்ம்' என்ற, ஒன்றாக வாழ்ந்த ஹிப்பிகளின் குழு வுட்ஸ்டாக்கில் பெருங்கூட்டத்துக்கு உணவு சமைத்தளித்து, போதையில் நிலைகுலைந்தவர்களையும் கவனித்துக்கொண்டது. அதன் முன்னணியில் இருந்தவர் வேவி கிரேவி. பிற்பாடு அக்குழு பேருந்துகளில் ஐரோப்பாவிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டபோது, லாரி பிரில்லியன்ட் என்ற இளம் மருத்துவரும் அதில் இருந்தார். இமயமலை அடிவாரத்தில் நீம் கரோலி பாபாவின் ஆசிரமத்தில் தங்கிய அவரை, பெரியம்மை ஒழிப்புப் பணிக்குப் போகுமாறு பாபா பணித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் பணியாளராக அவர் வட இந்திய கிராமங்களில் உழைத்தார். இந்தியாவில் பெரியம்மையின் கடைசித் தொற்று 1975 மே மாதம் பதிவானது. 1978-இல் பிரில்லியன்ட், வேவி கிரேவி, அமெரிக்க ஆன்மிக ஆசிரியரான ராம் தாஸ் முதலியோர் சேர்ந்து 'சேவா' அமைப்பைத் தொடங்கினார்கள். நேபாளத்தில் பார்வையிழப்பைத் தடுப்பது அதன் தொடக்ககாலப் பெரும்பணி. மதுரையில் 1976-இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி, தொடக்க காலத்திலிருந்தே சேவாவோடு இணைந்திருந்தார். கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லைகளை மதுரையிலேயே செய்வதற்காக 1992-இல் ஆரோலேப் தொடங்கப்பட்டபோதும் அந்த நட்பு துணை நின்றது. வெளிநாட்டிலிருந்து வந்தவரை ஏழைக்கு எட்டாத விலையில் இருந்த வில்லை, அதன் பிறகு எட்டும் விலைக்கு வந்தது.

முகாம்களுக்கு வந்த வெளிநாட்டுத் தன்னார்வலர்களில் தலை நரைத்த சிலர், பழைய நாட்களில் ஹிப்பிகளாக இருந்ததை இயல்பாகச் சொல்வார்கள். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கும் முதியவர்களின் கையைப் பிடித்து அழைத்துவருவார்கள். பெயர்ப் பதிவேட்டை எழுதுவார்கள். சாப்பாட்டுப் பந்தியில் தண்ணீர் ஊற்றுவார்கள். கட்டு அவிழ்த்ததும் எதிரே நிற்கும் வெள்ளைக்காரரைக் கண்டு திகைத்த ஒரு பாட்டி, "நீ யார் வீட்டுப் பிள்ளைய்யா?" என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னபோது அந்த வெள்ளைக்காரரின் கண் கலங்கிவிட்டது. இருபது வயதில் தன் தந்தையோடு சண்டையிட்டு வீட்டைவிட்டு வந்ததையும், தந்தை இறந்த பிறகே ஊருக்குத் திரும்பியதையும் அன்று மாலை என்னிடம் சொன்னார்.

உங்கள் ஆய்வுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். 1969-உடன் நிறுத்திவிடாதீர்கள். வணிகத்துக்குப் போனவர்கள், போதையில் அழிந்தவர்கள், பண்ணைகளில் உழைத்தவர்கள், மருத்துவப் பணிக்கு வந்தவர்கள் என்று நான்கைந்து பேரையாவது அடுத்த இருபது ஆண்டுகள் வரை தொடர்ந்து எழுதுங்கள். மதுரைக்கு வர முடிந்தால், அக்காலத்து முகாம்களில் என்னோடு பணிபுரிந்து ஓய்வுபெற்ற செவிலியர்களிடம் உங்களை அழைத்துச் செல்கிறேன். அவர்கள் நினைவில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.