டிங்கிளிலிருந்து டூன் கீன் போக வழி சொல்லுங்கள்

அயர்லாந்தின் கெர்ரியில், டிங்கிள் ஊரில் அம்மாவோடு தங்கியிருக்கிறேன். பக்கத்தில்தான் ஐரிஷ் பேசும் கடலோரச் சிற்றூர் டூன் கீன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் முயன்றும் போய்ச் சேர முடியவில்லை.

அங்கிருந்து பிளாஸ்கெட் தீவைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. 1953இல் மிச்சமிருந்த மக்களும் வெளியேறிய தீவு அது. படகெல்லாம் வேண்டாம், கரையில் நின்று பார்த்தாலே போதும் என்கிறார். அவருக்கு 68 வயது, முழங்கால் வலி.

டாக்சிக்கு இரண்டு பேரிடம் கேட்டேன், வண்டி இல்லை. சைக்கிள் ஒத்துவராது. சரி, வாடகைக் கார் எடுக்கலாம் என்றால் ஸ்லே ஹெட் பாதை ரொம்பக் குறுகல், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். பலகைகளும் ஐரிஷில்தான். அம்மாவை வைத்துக்கொண்டு ஓட்டத் தைரியம் வரவில்லை.

திங்கள் காலை கிளம்புகிறோம். ஞாயிறன்று, நான் கார் ஓட்டாமல், அம்மாவை டூன் கீன் கூட்டிப்போய்த் திரும்ப என்ன வழி?