வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள், வீட்டின் துணை வேண்டும்

மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். வாசிப்பில் பின்தங்கிய 6 பிள்ளைகளுக்கு வாரத்தில் 4 நாள், 30 நிமிடம் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். இது 9-வது வாரம். எழுத்துக்கூட்ட வந்துவிட்டது, ஆனால் வெள்ளிக்கிழமை தடங்கலில்லாமல் வாசித்த பத்தியிலேயே திங்கட்கிழமை ஒவ்வொரு சொல்லிலும் விரல் நின்றுவிடுகிறது. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தால்தான் சரளம் வரும், அதற்கு வகுப்பு நேரம் மட்டும் போதாது, வீட்டிலும் தினம் 10 நிமிடம் வேண்டும்.

பெற்றோர் கூட்டம் வைத்தேன், இரண்டு பேர் வந்தார்கள். டைரியில் எழுதினேன், கையெழுத்து மட்டும் வந்தது. வாட்ஸ்அப்பில் பயிற்சித்தாள் அனுப்பினால் நீல டிக் விழும், அவ்வளவுதான். அக்கறை இல்லை என்றே நினைத்திருந்தேன். அப்புறம் ஒரு அம்மா போனில், "எனக்கே சரியா வாசிக்க வராது டீச்சர், தப்பா சொல்லிக்கொடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு" என்றார். அதிலிருந்து குறை எதுவும் எழுதுவதில்லை, பிள்ளை அன்று வாசித்த இரண்டு வரியைக் குரல் பதிவாக அனுப்புகிறேன். மூன்று வீடுகளிலிருந்து பதில் வர ஆரம்பித்திருக்கிறது, ஒரு அப்பா அந்தப் பதிவை நான்கு முறை போட்டுக் கேட்டாராம். மீதி மூன்று வீடுகளில் பெற்றோருக்கு மாலை வேலை, பிள்ளை தூங்கிய பிறகுதான் வருகிறார்கள். பருவம் முடிய 5 வாரம்தான் இருக்கிறது.

வாசிக்கத் தெரியாத, மாலையில் வீட்டில் இல்லாத பெற்றோர் பிள்ளையோடு 10 நிமிடத்தில் செய்யக்கூடியதாக, உங்கள் வகுப்பில் உண்மையாகவே பலன் தந்த பயிற்சி எது?