தாலியமெந்தோவில் வெள்ளத் தடுப்பணை: கட்டலாமா, கூடாதா?

கரையோரன்: வடகிழக்கு இத்தாலியில் ஆல்ப்ஸிலிருந்து இறங்கி ஏட்ரியாட்டிக் கடலில் சேரும் ஆறு தாலியமெந்தோ, சுமார் 170 கி.மீ. தீஞ்ஞானோ பாலத்தருகே கதவுகள் வைத்த தடுப்பணை கட்டி, பெருவெள்ளத்தை மட்டும் பிடித்து மெதுவாக விடலாம் என்பது யோசனை. கட்ட வேண்டும் என்பதே என் கட்சி. 1965 செப்டம்பரில், ஆற்றின் கடைசிப் பகுதியில் இருக்கும் லத்திசானா ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் மறுபடியும்! மேலே ஒரு கி.மீ.க்கு மேல் பரந்து வரும் ஆறு அங்கே இரு கரைகளுக்குள் ஒடுங்குகிறது. வீடுகளோ கரையை ஒட்டியே இருக்கின்றன.

கூழாங்கல்: லத்திசானா மக்களின் பயம் நியாயம்தான். ஆனால் ஆல்ப்ஸில் பல கிளைகளாகப் பிரிந்து பின்னி ஓடும் பெரிய ஆறு இயல்பு கெடாமல் மிஞ்சியிருப்பது இங்கேதான். வெள்ளம் வேரோடு பிடுங்கி வரும் பாப்ளர் மரங்கள் கல்மேட்டில் தட்டி நின்று, கிடந்த கிடையிலேயே துளிர்க்கும். மணல் சேரும், தீவாகும். அடுத்த பெருவெள்ளம் அதைக் கரைத்துவிட்டு வேறு இடத்தில் புதிதாக ஒன்றைப் போடும்.

கரையோரன்: கதவுகள் எப்போதும் மூடியிருக்காதே நண்பரே. சாதாரண நாளில் கல்லும் மணலும் தாராளமாகப் போகும்.

கூழாங்கல்: அங்கேதான் சிக்கல். ஆற்றைப் புதுப்பிப்பதே பெருவெள்ளம். அதற்குத்தான் கதவை மூடப் போகிறீர்கள். அப்புறம், சமவெளியில் நீர் கூழாங்கல்லுக்குள் இறங்கி, கீழே ஊற்றாக வெளிவருகிறது. அந்த நிலத்தடி நீரை நம்பி எத்தனை ஊர்கள்! அணைக்குப் பதில் கடைசிப் பகுதியில் கரையைப் பலப்படுத்துங்கள், வெள்ளநீரைப் பிரித்துக் கடலுக்கு விடும் கவ்ராத்தோ வடிகால் வழியாக அதிக நீரைத் திருப்புங்கள்.

மலைநாடன்: ஆறு தொடங்கும் கார்னியா பகுதியின் மலைக்கிராமங்களை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். மேல்பகுதித் தண்ணீரைச் சுரங்கக் கால்வாய்களில் சொம்பிளாகோ மின்நிலையத்துக்குத் திருப்பியதால், அங்கே ஆறு பல இடங்களில் வெறும் கல்லாகக் கிடக்கிறது. இயல்பு கெடாத ஆறு என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? முதலில் அந்தத் தண்ணீரில் கொஞ்சமாவது திரும்ப விடச் சொல்லுங்கள்.

கரையோரன்: சரி, அதை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் மின்சாரக் கணக்கும் உயிர்க் கணக்கும் ஒன்றல்ல. கவ்ராத்தோவும் நிரம்பி வழிந்தால் மீதித் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும்?

கூழாங்கல்: அதனால்தான் கீழேயே ஆற்றுக்கு இடம் கொடுங்கள் என்கிறேன். கரையைப் பின்னுக்குத் தள்ளினால் சில வயல்களும் சில வீடுகளும் போகும். அவர்களுக்கு முழு இழப்பீடு கொடுத்துத்தான் அதைச் செய்ய வேண்டும்.