வீட்டுத் தராசு காட்டும் கொழுப்புக் கணக்கை நம்பலாமா?

செம்பனைக்காட்டான்:
வணக்கம். மலேசியாவில சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. வயசு 46, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. தீபாவளிக்கு மகன் ஒரு தராசு வாங்கிக் கொடுத்தான். கண்ணாடி மேல நாலு தகடு, கணக்கெல்லாம் போனுக்கு வந்துடும். எடையோட சேர்த்து உடம்புல கொழுப்பு எத்தனை சதவீதம்னும் சொல்லுது. சிக்கல் அங்கதான். காலையில எழுந்ததும் ஏறினா 28.4. அன்னைக்கே சாயங்காலம் 25.1. நடுவுல நான் பசியாறினது எண்ணெயில சுட்ட ரெண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் (ஆத்தின பால் டீ). ரொட்டி சானாய் தின்னா கொழுப்பு குறையும்னா இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் தொப்பை இருக்கக் கூடாது. ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து ஏறினா 29ஐத் தாண்டுது. பழுது தராசுக்கா, எனக்கா?

பழைய கிராணி:
தம்பி, அந்தத் தராசு கொழுப்பை அளக்கவே இல்லை. ஒரு காலில் துளி மின்சாரத்தை விட்டு அடுத்த காலில் வாங்குது. நீர் நிறைஞ்ச சதை மின்சாரத்தை விடும், கொழுப்பு தடுக்கும். எவ்வளவு தடுத்ததுன்னு பார்த்து, நீங்க பதிஞ்ச வயசு, உயரம், ஆணா பெண்ணா எல்லாத்தையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்குது, அவ்வளவுதான். ஆலைச் சூட்டில் ராத்திரி முழுக்க வேர்த்துட்டு வந்தா உடம்பில் தண்ணி கம்மி. தடுப்பு கூடும், கொழுப்பு ஏறின மாதிரி தெரியும். பகலெல்லாம் நின்னா நீர் காலுக்கு இறங்கும். சாயங்காலம் குறைச்சுக் காட்டும். மின்சாரம் பெரும்பாலும் ரெண்டு காலையும் இடுப்பையும் சுத்திட்டு வந்துடுது. உங்க தொப்பையை அது சரியாப் பார்க்கிறதே இல்லை.

நான் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் கிராணியா, அதாவது கணக்கரா இருந்தவன். ரப்பர் பால் நிறுக்கும்போது மெட்ரோலேக்னு ஒரு அடர்த்தி அளக்கிற கருவியை அதில் மிதக்க விடுவோம். ரப்பர் தண்ணியைவிட லேசு, அதனால கெட்டிப் பாலில் கருவி ஆழமா இறங்கும், தண்ணி கலந்த பாலில் மேலே நிக்கும். (யார் வாளியில் ஆத்துத் தண்ணின்னு முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன், அது வேற கதை.) உடம்பையும் இப்படித்தான் அளந்தாங்க. ஆளைத் தண்ணிக்குள்ள முக்கி எடை பார்த்து, அடர்த்தி கண்டுபிடிச்சு, கொழுப்புக்கு 0.9, மத்ததுக்கு 1.1னு வெச்சு சதவீதம் போடுறது. 1961இல் சிரி என்பவர் எழுதின சூத்திரம் இன்னைக்கும் புழக்கத்தில் இருக்கு.

இரும்புத்தூக்கி:
இடுக்கி வாங்குங்க அண்ணே, தோலை மடிச்சுப் பிடிச்சு அளக்கிறது. ஆம்பளைக்கு மார்பு, வயிறு, தொடை மூணு இடம் போதும். ஆனா ஒரே கை அளக்கணும். நானே பிடிச்சப்ப 14, ஜிம்ல இன்னொருத்தர் பிடிச்சப்ப 19. எனக்கு என் கைதான் பிடிச்சிருந்தது.

ஈப்போ தாதி:
அண்ணா, தையல் டேப் இருக்கா? ஆண்களுக்குக் கழுத்து, இடுப்பு, உயரம் மூணை மட்டும் வெச்சு அமெரிக்கக் கடற்படை 1984இல் கொழுப்புச் சதவீதத்துக்கு ஒரு கணக்கு போட்டது. குரல்வளைக்குக் கீழே கழுத்து, தொப்புள் மட்டத்தில் இடுப்பு. வயித்தை உள்ளே இழுக்காதீங்க, அளந்து எழுதுங்க.

தராசை விடவும் வேண்டாம். காலையில் எழுந்து சிறுநீர் கழிச்சு, எதுவும் குடிக்காம, பாதத்தைத் துடைச்சுட்டு ஒரே நேரத்தில் ஏறுங்க. ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீங்க, ரெண்டு வார சராசரி ஏறுதா இறங்குதான்னு பாருங்க. வீட்டில் யாருக்காவது நெஞ்சில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் மின்கருவி) இருந்தா மட்டும் இந்தத் தராசில் ஏறவே கூடாது.

செம்பனைக்காட்டான்:
அம்மாவோட டேப்பை எடுத்தேன். கழுத்து 38, இடுப்பு 94 சென்டிமீட்டர். மூச்சு விட்டுத்தான் அளந்தேன், சாமி சத்தியமா.

ஈப்போ தாதி:
கணக்கு 24.7 வருது. மூணு நாலு சதவீதம் முன்னே பின்னே இருக்கும். டேப் ரெண்டு சென்டிமீட்டர் நழுவினாலே சுமார் 1.3 சதவீதம் மாறிடும், அதனால மூணு தடவை அளங்க. பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே வெச்சுக் கொழுப்பை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் இதைவிட நுணுக்கம், அதுக்கும் சின்னப் பிழை உண்டு.

எனக்குக் கவலை சதவீதமில்லை, அந்த 94. நம்ம மாதிரி ஆசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90தான் எல்லை. 2004இல் லான்செட் இதழில் ரெண்டு டாக்டர்கள் தங்களையே படம் போட்டுக் காட்டினாங்க: புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு, 22.3. யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாத் தெரியிற நம்ம ஆளுக்கும் கொழுப்பு உள்ளே ஒளிஞ்சிருக்கும்னு காட்டத்தான். சர்க்கரை பார்த்து எத்தனை நாளாச்சு?

செம்பனைக்காட்டான்:
ரெண்டு வருஷம். திங்கள் ஓய்வு நாள், கிளினிக்குக்குப் போறேன்.

இன்னொண்ணு. நேத்துத்தான் போனைத் துழாவினேன், என் உயரம் 178னு பதிஞ்சிருக்கு. திருத்திட்டு இன்னைக்குக் காலையில ஏறினா 30.9. மகன்கிட்ட கேட்டா, ‘அப்பா, நீங்கதானே அப்படிச் சொன்னீங்க’ங்கிறான்.