மறு: லூஸ் கார்ட்ரிட்ஜுக்குத் தமிழ்ல என்ன? 'மொட்டை' சரியா வரும்னு தோணுது

வணக்கம்,

பெட்டியும் கையேடும் இல்லாம தனியா கெடைக்கிற பழைய வீடியோ கேம் கார்ட்ரிட்ஜை (கேம் மெஷின்ல செருகி ஆடுற பிளாஸ்டிக் துண்டு) லூஸ்னு சொல்றாங்களே, அதுக்கு வந்த 'உறையிலி'ங்கிற யோசனையைப் பார்த்தேன். இலக்கணப்படி குறை சொல்ல முடியாது, ஆனா பழைய சாமான் கடையில குத்த வெச்சு உக்காந்து, சிக்கல் விழுந்த ஒயரும் ஜோடி தொலைச்ச ரிமோட்டும் கெடக்குற கூடைக்குள்ள கைய விட்டுத் துழாவி ஒரு கேம் பாய் கார்ட்ரிட்ஜ் தட்டுப்படும்போது எவனாவது 'ஆகா, உறையிலி'ன்னு சொல்லுவானா? லூஸ்னே எழுதிட்டுப் போலாம்னா அதுக்கு நம்மாளுங்க வேற அர்த்தம் வெச்சிருக்காங்க.

நான் சொல்றது 'மொட்டை'. மொட்டைக் கார்ட்ரிட்ஜ், மொட்டை டிஸ்க்.

மரியாதைக் குறைச்சலா இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். மொட்டைக் கடுதாசியில கடுதாசி முழுசா இருக்கு, பேரும் கையெழுத்தும்தான் இல்ல. மொட்டை மாடிக்குக் கூரை கெடையாது, அதுக்காக அது மாடி இல்லன்னு ஆயிடுமா. இங்கயும் அதே கதைதான், கேம் ஒழுங்கா ஓடும், கூட வந்திருக்க வேண்டிய பெட்டியும் கையேடும் காணோம். உடைஞ்சது கெட்டதுன்னு அர்த்தம் வராது, எனக்கு அதான் முக்கியம்.

இந்தச் சொல் டிஸ்கை விட கார்ட்ரிட்ஜுக்குத்தான் அதிகம் தேவைப்படும். சூப்பர் நின்டெண்டோ, என்64, கேம் பாய்னு நின்டெண்டோவோட கேம் மெஷினுக்கெல்லாம் வந்தது அட்டைப்பெட்டி, பசங்க பிரிச்ச அன்னிக்கே பாதி கிழிஞ்சு குப்பைக்குப் போயிருக்கும். சேகா மெகா டிரைவ் கேம் பெரும்பாலும் கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில வந்ததால அதுல மொட்டை கொஞ்சம் கம்மி.

கார்ட்ரிட்ஜ்ங்கிற பேரை அப்படியே விட்டுடலாம். தோட்டான்னா துப்பாக்கி ஞாபகம் வருது, 'செருகி'ங்கிறதை பிளகினுக்குன்னு மென்பொருள்காரங்க எடுத்துக்கிட்டாங்க.

எல்லாம் சேர்ந்து கெடைச்சா 'முழுக்கட்டு'. சீட்டுக்கட்டு மாதிரிதான், ஒண்ணு கொறைஞ்சாலும் முழுக்கட்டு இல்ல.

இன்னொண்ணு யாருமே பேசல, டப்பா இருந்து கேம் இல்லாதது. அதுக்கு 'வெறுங்கூடு'. ரொம்ப நாளா தேடின பிளேஸ்டேஷன் 2 கேம், அட்டைப்படம் பளபளன்னு இருக்கு, எவனாவது பிடுங்கிடுவானோன்னு தொறந்துகூடப் பாக்காம காசைக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்து தொறந்தா உள்ள உடற்பயிற்சி டிவிடி, மெமரி கார்டு வைக்கிற பள்ளம் வேற காலியா என்னைப் பார்த்து இளிக்குது. அன்னிக்கு வாயில வந்த சொல்லை இங்க எழுத முடியாது, வெறுங்கூடு அதுக்கப்புறம் யோசிச்சது.

ரெப்ரோவுக்கு, அதாவது பின்னால வேற யாரோ செஞ்ச கார்ட்ரிட்ஜுக்கு, 'மறுவார்ப்பு'ன்னு வந்த யோசனை எனக்குப் பிடிக்கல. நகல்னு சொல்லியே விக்கிறதுக்கு வேணா நகல்னு வெச்சுக்கலாம், அசல்னு சொல்லித் தலையில கட்டுறது போலி, அதுக்கு எதுக்கு கௌரவமான பேரு. கேம் பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜைக் கவுத்துப் பிடிச்சு அடியில இருக்கிற தங்க நிறப் பட்டைகளுக்கு மேல வெளிச்சம் அடிச்சா போர்டுல நின்டெண்டோன்னு பொடி எழுத்து தெரியணும், ஸ்டிக்கரைச் சாய்ச்சுப் பார்த்தா ரெண்டு எண் அழுத்தின தடம் இருக்கணும். இது ரெண்டும் இல்லன்னா நான் அங்கயே வெச்சுட்டு வந்துடுவேன்.

பேட்டரி தீர்ந்ததையும் மொட்டையில சேர்க்கலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம். போக்கிமான் ரெட், ப்ளூ மாதிரி பழசுல சேவ் நிக்கிறதே உள்ள இருக்கிற பட்டன் செல்லாலதான், அது செத்தா கேம் ஓடும், விட்ட இடம் மட்டும் மறந்துடும். அதை 'மறதி'ன்னு சொல்லிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. பேட்டரி செத்ததுன்னே சொல்லுவோமே, எல்லாத்துக்கும் சொல் செய்றேன்னு வேண்டுதலா என்ன.

பெட்டி இருந்து கையேடு மட்டும் இல்லன்னா என்ன சொல்றதுன்னுதான் இன்னும் பிடிபடல. விளையாட்டா 'கிராப்பு'ன்னு சொல்லி வெச்சிருக்கேன், வேற யாருக்காவது தோணினா எழுதுங்க.