தேருக்கும் மண்டபத்துக்கும் பூநாரைக்கும் ஒரே லென்ஸ் காணுமோ?

கொக்குவில் கமரா எழுதியது:

வணக்கம் உறவுகளே. கையில இருக்கிறது கேனான் 200டி கமரா, அதோட வந்த 18-55 மி.மீ. லென்ஸ். நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் ஒரு பெரிய ஸூம் வேண்ட யோசினை. கேனான் 18-135, கேனான் 18-200, டாம்ரான் 18-400, இந்த மூண்டில ஒண்டு. வெளிவீதியில தேரும் காவடியும், இடைக்கிடை மண்டபத்துக்குள்ள சாமத்தியவீடு, கலியாணம், மாரி முடிய யாழ்ப்பாணம் பண்ணைக் களப்புப் பக்கம் பூநாரை. எல்லாத்துக்கும் ஒரு லென்ஸ் காணுமோ? இல்லாட்டி 18-55ஐ வைச்சுக்கொண்டு 55-250 எஸ்.ரி.எம். (சத்தம் குறைஞ்ச ஃபோகஸ் மோட்டர் வகை) எடுக்கிறதோ? பழசு வேண்டினா என்னத்தைப் பாக்கவேணும்?

அரியாலை அண்ணை எழுதியது:

தம்பி, தேருக்கு எண்டா 18-135. காரணம் கூர்மை இல்லை, மண்.

வெளிவீதி முழுக்க மணல். பிரதட்டை போற இடம், வடம் இழுக்கிற சனம், எல்லாப் பக்கத்தாலும் புழுதி எழும்பும். அந்த நேரம் 18-55ஐக் கழட்டி 55-250ஐ மாட்டினா, கமராவின்ர திறந்த வாயால புழுதி உள்ள போய், பிறகு ஷட்டர் திறக்கேக்க சென்சரில ஒட்டும். அப்பர்ச்சர் (லென்ஸின்ர வெளிச்சத் துவாரம், எஃப் எண் கூடக் கூடச் சுருங்கும்) எஃப் 3.5 இல ஒண்டும் தெரியாது. எஃப் 11 இல வானத்தை எடுத்துப் பாத்தாத்தான் சாம்பல் பொட்டுப் பொட்டாத் தெரியும். அதோட, வடத்தில இருக்கிற கையும் தேருக்கு மேல இருக்கிற சுவாமியும் ஒரே நிமிசத்தில வரும். உங்கட கமராவின்ர சென்சர் சின்னன் எண்டபடியா, முழு ஃபிரேம் கணக்குக்கு 1.6 ஆல பெருக்கினா 18 எண்டது 29, 135 எண்டது 216. வீதி அகலத்துக்கு இது நல்லாக் காணும். 18 இல கோபுரத்தின்ர விளிம்பு வெளிப்பக்கம் வளையும். கேனானின்ர இலவச டி.பி.பி. மென்பொருளில ரோ கோப்பை (கமரா பதப்படுத்தாமச் சேமிக்கிற படம்) திறந்து நேராக்கலாம். ஆனா அது கேனான் லென்ஸுக்கு மட்டும்தான்.

18-135 இல மூண்டு வகை இருக்கு. 2009 இல வந்ததில மோட்டர் சத்தம் போடும், வீடியோவில கேக்கும். 2012 எஸ்.ரி.எம்., 2016 யு.எஸ்.எம். (இன்னொரு ஃபோகஸ் மோட்டர் வகை) இரண்டும் நல்லது. ஓடுற ஆளைப் பிடிக்க யு.எஸ்.எம். கெதி. மூண்டுக்கும் ஃபில்டர் 67 மி.மீ.தான், ஆனா வெயில்மூடி (லென்ஸ் ஹூட்) வேற: முதல் ரெண்டுக்கும் ஈ.டபிள்யூ-73பி, யு.எஸ்.எம்.முக்கு 73டி. மாறி வேண்டிப்போடாதேங்கோ. 18-200 ஐ விட்டிடுங்கோ. 2008 இல வந்தது, பழைய மோட்டர், பாரமும் 595 கிராம்.

மண்டபம் எண்டா கதை வேற. இந்த லென்ஸ் எதுவும் அங்க தனியாக் காணாது. 18-135 இல எஃப் 3.5 எண்டது 18 இல மட்டும்தான். நீட்ட நீட்டச் சுருங்கி 5.6க்கு வந்திடும். 50 மி.மீ. எஃப் 1.8 அதைவிடப் பத்து மடங்குக்குக் கிட்ட வெளிச்சம் எடுக்கும். 5.6 இல ஐ.எஸ்.ஓ. (சென்சரின்ர வெளிச்ச உணர்வு அளவு) 6400 கேக்கிற இடத்தில 1.8 இல 640 காணும். பிள்ளையின்ர முகத்தில புள்ளி விழுகிறதுக்கும் விழாததுக்கும் உள்ள வித்தியாசம் அது. நடுக்கம் குறைக்கிற ஐ.எஸ். உங்கட கையைத்தான் நிப்பாட்டும், ஆரத்தி எடுக்கிறவரின்ர கையை நிப்பாட்டாது. ஆகவே 18-135 ஓட 50 எஃப் 1.8 எஸ்.ரி.எம். ஒண்டையும் எடுங்கோ. 160 கிராம்தான், சட்டைப்பையில போகும். மண்டபத்துக்குள்ள மண் பறக்காது, லென்ஸ் மாத்த ஒரு பயமும் இல்லை. எல்.ஈ.டி. லைட் துடிச்சு வரி விழுந்தா ஷட்டர் வேகத்தை 1/100 செக்கனில வையுங்கோ. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ்.

கமராவோட இருக்கிற பிளாஷை நம்பவேண்டாம். நீட்டு லென்ஸ் போட்டு 18 இல எடுத்தா படத்தின்ர கீழ்ப்பக்கம் அரைவட்ட நிழல் விழும்.

பண்ணைக் காத்து எழுதியது:

அண்ணை சொன்னது தேருக்குச் சரி, பூநாரைக்குச் சரிவராது. பறவை கரையில நிக்காது. 135 இல பட்டாணி அளவில தெரியிறது 400 இல மூண்டு மடங்கு பெரிசா வரும். பறவைதான் முதல் ஆசை எண்டா டாம்ரான் 18-400ஐத் தள்ளிவைக்காதேங்கோ.

ஆனா தெரிஞ்சுகொண்டு வேண்டுங்கோ. லென்ஸ் 710 கிராம், உங்கட 200டி 453 கிராம்தான். கமராவைப் பிடிக்காம லென்ஸுக்குக் கீழ கையைக் குடுத்துத்தான் தூக்கவேணும், கழுத்தில தொங்கவிடேக்க பூட்டுப் பொத்தானைத் தள்ளிவிடவேணும், இல்லாட்டி தானா நீளும். 400 இல அப்பர்ச்சர் 6.3. வெயிலுக்க ஓடும், பின்னேரம் இருட்டுப்படேக்க ஃபோகஸ் தேடும். நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் பாவியுங்கோ. பறக்கிற பறவைக்கு ஷட்டர் 1/1600, அப்பர்ச்சர் 8. மத்தியானத்தில களப்புத் தண்ணிக்கு மேல சூடு அலையடிக்கும், அப்ப எந்த லென்ஸிலயும் கூர்மை வராது. விடிய ஏழு மணிக்கு முதல் போய் நில்லுங்கோ.

காசு குறைவு எண்டா 55-250 எஸ்.ரி.எம். 375 கிராம்தான், ஃபில்டரும் உங்கட 18-55 மாதிரி 58 மி.மீ. பறவைக்குப் போகேக்க வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போனா புழுதிப் பிரச்சினையும் இல்லை.

கொக்குவில் கமரா எழுதியது:

நன்றி அண்ணாமார். பறவை எனக்கு மூண்டாம் இடம்தான். அப்ப 18-135 யு.எஸ்.எம். பழசும், 50 புதுசும். பழசைச் சோதிக்கிறது எப்பிடி?

அரியாலை அண்ணை எழுதியது:

உங்கட கமராவையும் ஒரு ரோச் லைட்டையும் கொண்டுபோங்கோ. கேனான் லென்ஸைக் கழட்டினா அப்பர்ச்சர் திறந்தே இருக்கும். பின்பக்கத்தால ரோச்சை அடிச்சு முன்னால சரிச்சுப் பாருங்கோ. ரெண்டு மூண்டு தூசு பரவாயில்லை, படத்தில வராது. சிலந்திவலை மாதிரி நூல் ஓடியிருந்தா பூஞ்சணம், எவ்வளவு மலிவெண்டாலும் விடுங்கோ.

பிறகு மாட்டி, எஃப் 8 இல வைச்சு 18, 35, 70, 135 ஒவ்வொண்டிலயும் ரெண்டு படம். இதைத் தவறவிடாதேங்கோ. ஸூம் நீளேக்க உள்ள இருக்கிற நாடா வயர் மடிஞ்சு மடிஞ்சு அறும். அறுந்த லென்ஸ் 3.5 இல நல்லா வேலை செய்யும், அப்பர்ச்சரைச் சுருக்கினவுடன "எர் 01" எண்டு பிழை காட்டி நிக்கும். விக்கிற ஆளுக்கே தெரியாம இருக்கலாம்.

கடைசியா, பத்திரிகைப் பேப்பரைச் சுவரில தட்டையா ஒட்டி, கமராவை ஸ்டாண்டில நேரா வைச்சு, ஐ.எஸ்.ஐ நிப்பாட்டி, 2 செக்கன் ரைமரில எடுங்கோ. நாலு மூலையும் ஒரே அளவு மங்கலா இருந்தா அது லென்ஸின்ர இயல்பு. ஒரு மூலை மட்டும் எஃப் 8 இலயும் மங்கலா நிண்டா விழுந்த லென்ஸ்.

பண்ணைக் காத்து எழுதியது:

ஒண்டு சேர்க்கிறன். நயினாதீவுக்குப் படகில போனா, திரும்பி வந்ததும் லென்ஸை நீட்டினபடியே, நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால நீட்டுக்குழாயைத் துடைச்சுக் காயவிட்டுத்தான் உள்ள தள்ளவேணும். துடைக்க முதல் தள்ளினா உப்பு உள்ள போகும். ஐப்பசியிலயிருந்து மாரி முடியுமட்டும் தோல்பையில வைக்கவேண்டாம். இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்ரிக் பெட்டியில சிலிக்கா ஜெல்லோட, ஈரப்பதம் 40க்கும் 50க்கும் இடையில நிக்கிற மாதிரிப் பாத்துக்கொள்ளுங்கோ. ஜெல்லின்ர நிறம் மாறினா வறுத்து எடுத்து, ஆறின பிறகு திரும்பப் போடலாம்.